லேசான பாடத்தில் நான் வாங்கிய மார்க்கு

நேற்று சாயங்காலம் என் மகளின் வீட்டுப்பாடத்தைத் தின்றுவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஆஸ்பத்திரி வேலை முடிந்து, பனியில் இரண்டு முறை சறுக்கி, ஒரு முறை முழுதாகவே விழுந்து எழுந்து வந்த பசி. சமையலறை மேடையில் ஒரு தட்டு, அதில் ஒரே ஒரு பலகாரம். நம் குழிப்பணியாரம் வெளிநாட்டுக்கு வந்து சதைபோட்டது மாதிரி இருந்தது. பாதியை விழுங்கிய பிறகுதான் அடியிலிருந்த காகிதத்தைப் பார்த்தேன். சிவப்பு மையில் 'பி பிளஸ்' என்று எழுதியிருந்தது.

"அம்மா! அது என் ஹோம்வொர்க்! அப்பாட்ட காட்ட வச்சிருந்தேன்!" என்று அலறினாள் செல்வி.

ஊரில் கணக்கு நோட்டைக் கரையான் அரித்ததாகக் கேட்டிருக்கிறேன். பெற்ற தாய் தின்றதாகக் கேள்வியில்லை. ஆனால் இந்தக் கனடாவில் மாவைப் பிசைந்தாலும் மார்க்கு உண்டு. பலகாரத்துக்குப் பெயர் மஃபின், பாடத்துக்குப் பெயர் ஹோம் எகனாமிக்ஸ். அத்தோடு செல்வி ஒரு படிவத்தையும் நீட்டினாள். அடுத்த வருடத்துக்கு பிசிக்ஸா, ஹோம் எகனாமிக்ஸா, ஒன்றுதான் எடுக்கலாமாம். அவள் இரண்டாவதில் பேனாவால் குறி போட்டிருந்தாள். காலையில் பெற்றோர் கையெழுத்தோடு கொடுக்க வேண்டும்.

"பிசிக்ஸ் எடு கண்ணு. இது லேசான பாடம். சோறாக்கறதப் பள்ளிக்கூடத்துல போயா கத்துக்கணும்?" என்றேன், வாயில் மஃபின் தூளோடு.

என் கணவர் செய்தித்தாளுக்கு மேலே தலையை உயர்த்தினார். ஊரில் கணக்கு எம்.ஏ. படித்தவர், இங்கே ஒரு கிடங்கில் பெட்டிகளை எண்ணுகிறார். "சொல்றது யாருன்னு கொஞ்சம் பாத்துக்கிட்டுச் சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி செய்தித்தாளுக்குள் இறங்கிவிட்டார்.

சொன்னது யார் என்பதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அடியேன் ஹோம் சயின்ஸ் பட்டதாரி.

அறுபதுகளின் தொடக்கத்தில், எங்கள் தருமபுரி இன்னும் சேலம் மாவட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த காலத்தில், பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து நான் வெளியூர்க் கல்லூரிக்குப் போனேன். டாக்டருக்கு மார்க்கு போதவில்லை, கிடைத்தது இதுதான். "சோறாக்க மூணு வருசமா? எம் பொண்ணு மூணு நாள்ல கத்துக்கிட்டாளே!" என்றார்கள் தெருவில். அப்பா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். கடத்தூர்ச் சந்தையில் யாராவது விசாரித்தால், "பாப்பா சயின்ஸ் படிக்குதுங்க" என்பார். முன்னால் இருந்த 'ஹோம்' தொண்டைக்குள்ளேயே தங்கிவிடும்.

கடைசி வருடத்தில் எங்களுக்கு ஒரு விசித்திரமான பரீட்சை இருந்தது. கல்லூரி வளாகத்தில் தனியாக ஒரு வீடு. ஆறு பெண்கள் மூன்று வாரம் அதில் ஒரு குடும்பமாக வாழ வேண்டும். ஒருத்தி குடும்பத் தலைவி, ஒருத்தி சமையல், ஒருத்தி துப்புரவு என்று முறை மாறும். டீச்சர் விருந்தாளியாக வந்து மூலை முடுக்கெல்லாம் விரலால் தடவிப் பார்த்து மார்க்கு போடுவார். என் துப்புரவு நாளன்று, தரையை ஈரத்துணியால் துடைத்து முடிக்கும் நேரத்தில், மாம்பழக் கூடையோடு அப்பா உள்ளே வந்துவிட்டார்.

"ஏனுங்க டீச்சர், வூட்ல தொடப்பத்தத் தொட்டதில்லீங்க எம் பொண்ணு. பீசையும் வாங்கிக்கிட்டு வேலக்காரியாட்டம் தொடைக்க வுடறீங்களே, இது எந்த ஊரு நாயம்?"

"ஐயா, இது பரீட்சை. நீங்க நடந்து வந்த தடத்துக்கு இவளுக்குத்தான் மார்க்கு குறையும்."

அப்பா திரும்பிப் பார்த்தார். வாசலிலிருந்து என்வரை வரிசையாகச் செம்மண் காலடிகள். சட்டென்று தோள்துண்டை உருவிக் குனிந்து துடைக்க ஆரம்பித்தார். முன்னாலிருப்பதைத் துடைத்துவிட்டு அதன்மேலேயே கால்வைத்து அடுத்ததற்குப் போனார். துடைக்கத் துடைக்கப் புதிய தடம் விழுந்தது. "பின்னால நகந்துக்கிட்டே தொடைக்கணும்ப்பா" என்று முணுமுணுத்தேன். "பரீட்சையில் பேசக்கூடாது" என்றாள் அன்றைய குடும்பத் தலைவி, என்னைவிட ஒரு முழம் குட்டையான ஒருத்தி. அப்பா பின்னால் நகர்ந்தார். நகர்ந்து நகர்ந்து, ஜன்னலோரம் காய்ந்திருந்த ஒரு சாண் இடத்தில் போய்ச் சிக்கிக்கொண்டார்.

"கண்ணு, நான் இப்ப எப்படி வெளிய வர்றது?"

டீச்சரே சிரித்துவிட்டார். தரை காயும்வரை அப்பா துண்டும் கையுமாக அங்கேயே நின்றார். போகும்போது, "கஷ்டமான பாடந்தான் பாப்பா" என்றார். ஆனால் அடுத்த வாரச் சந்தையிலும் 'சயின்ஸ்'தான்.

அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. போன மாதம் பள்ளிக்கூடத்தில் செல்வியின் ஹோம் எகனாமிக்ஸ் டீச்சர், நான் என்ன படித்தேன் என்று கேட்டார். "சயின்ஸ்" என்றேன். "பிசிக்ஸா, கெமிஸ்ட்ரியா?" "எல்லாம்" என்றேன். பொய்யில்லை, எங்கள் பாடத்தில் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் இருந்தது. பாவம், அவர் மிரண்டுபோய், "உங்களைப் போன்றவர்களுக்கு எங்கள் பாடம் சாதாரணமாகத் தெரியும்" என்றார். நானும் பெருந்தன்மையாகத் தலையாட்டிவிட்டு வந்தேன். இத்தனைக்கும் இந்த நாட்டில் என் கணவரின் கணக்கை யாரும் சீந்தவில்லை. ஆஸ்பத்திரியில் சிறுநீரக நோயாளிகளுக்குச் சாப்பாட்டுப் பட்டியல் போடும் வேலையை எனக்கு வாங்கிக்கொடுத்ததே அந்தச் சாதாரணப் பாடம்தான்.

"லேசுன்னா நீயே செய்ம்மா. பி பிளஸ் வாங்கினா நான் பிசிக்ஸ் எடுக்கறேன்" என்றாள் செல்வி.

"நாந்தான் சாட்சி!" செய்தித்தாள் கீழே விழுந்தது.

முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கினேன். செய்முறை அட்டையில் ஒரு வரி இடித்தது: 'மாவு நனைந்ததும் நிறுத்தவும். கட்டிகள் இருக்க வேண்டும்.' அச்சுப்பிழை என்றே நினைத்தேன். எங்கள் பக்கம் ராகிக் களியில் ஒரு கட்டி இருந்தால் யாரும் வாயால் திட்ட மாட்டார்கள். அந்தக் கட்டியை எடுத்துத் தட்டின் ஓரத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி வைப்பார்கள். அந்த அவமானத்துக்குப் பயந்தே களி கிண்டும் துடுப்பைப் பிடித்த கை இது.

"அம்மா, ஸ்டாப்!"

"கட்டி இருக்குடி."

"இருக்கணும்மா! விடும்மா!"

கை கேட்கவில்லை. கிண்டு கிண்டென்று கிண்டி, மாவைப் பட்டுப்போல் ஆக்கிவிட்டுத்தான் நின்றது. அடுப்பிலிருந்து ஒவ்வொரு மஃபினும் கோபுரமாக எழுந்து வந்தது. எனக்கோ பெருமை தாங்கவில்லை. செல்வி ஒன்றை எடுத்து, பரீட்சை டீச்சரின் அதே முகத்தோடு, நெடுக்காக அறுத்தாள். உள்ளே மேலிருந்து கீழாக நீள நீளமாக வளைகள்.

"டனல்ஸ். ரொம்ப அடிச்சா இப்பிடித்தான் ஆகும். சி மைனஸ்."

"எலி வளையேதான்" என்றார் சாட்சி. ஒரு மஃபினைத் தட்டில் வைத்து, முந்தாநாள் கருவாட்டுக் குழம்பை அந்த வளைகளில் ஊற்றினார். "ஆனா ஒண்ணு, குழம்பு நல்லா எறங்குது. அரை மார்க்கு கூடப் போடலாம்."

மூவரும் மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சிரித்து முடித்தபின் படிவத்தை இழுத்து, அவள் குறி போட்ட இடத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

"ஊருக்கு லெட்டர் போடறப்ப தாத்தாவுக்கு நான் என்ன படிக்கறேன்னு எழுதுவ?" என்றாள்.

"'ஹோம்' சேத்து முழுப் பேரையும் எழுதறேன்."

அப்போதுதான் பார்த்தேன். படிவத்தில் என் ஐந்து விரல்களும் மைதா வெள்ளையில் பதிந்திருந்தன. அவசரமாகத் துடைத்தேன். துடைத்த இடத்தில் புதிதாக ஐந்து. அதைத் துடைத்தால் அடுத்த ஐந்து.

"பின்னால நகந்துக்கிட்டே தொடைம்மா" என்றாள் செல்வி. அந்தக் கதையை அவளுக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறேனோ.

பின்னால் நகர்ந்து பார்த்தேன். அடுப்பு முதுகில் சுட்டது. ஜன்னலுக்கு வெளியே பனியில் நான் வந்த தடம் வாசல்வரை அப்படியே கிடந்தது. கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கமும் கால் வைக்கத் தோன்றாமல், அடுப்புக்கும் மேடைக்கும் நடுவே, அப்பாவைப் போலவே ஒரு சாண் இடத்தில் நின்றேன்.