பித்தளை அண்டாவில் கடல் தண்ணீர்

அன்பினால் செய்த ஒரு காரியம் ஓர் உயிரைக் கொன்றுவிடக்கூடும் என்று தெரிந்தால், செய்தவரிடம் சொல்லிவிடுவதா, சொல்லாமலே சரிசெய்துவிடுவதா? கோட்டையூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், ஒரு பித்தளை அண்டாவின் முன்னால் நின்றுகொண்டு இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கூடத்தில் நான் கடல்மீன் தொட்டி வைத்துச் சில மாதங்களே ஆகியிருந்தன. மதுரைக் கடையிலிருந்து வாங்கி வந்த இரண்டு கோமாளி மீன்களும், சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட ஓர் இறாலும்தான் அதன் குடிகள். எங்கள் ஊரில் கடல் கிடையாது. அதை வீட்டிலேயே தயாரிக்க வேண்டும். ஆர்.ஓ. இயந்திரத்தில் பிடித்த தண்ணீரை ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் டிரம்மில் நிரப்பி, மீன்தொட்டிக்கென்றே விற்கும் உப்பைப் போட்டு, சின்ன மோட்டார் ஒன்றை ஒரு நாள் ஓடவிட்டால் கலந்துவிடும். அந்த இயந்திரம் தருகிற தண்ணீரைவிடக் கழிக்கிற தண்ணீர் அதிகம். தெருக்குழாயில் குடத்தோடு காத்திருப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இது என்னை உறுத்தும். அதனால் கழிவுத் தண்ணீரை வாளிகளில் பிடித்து வீடு கழுவுவேன்.

"சந்தையில கூறு போட்டு விக்கிற இறாலுக்கு இம்புட்டுச் சீரா, ஆத்தா?" என்பார் என் மாமியார். நான் அவரை அத்தை என்று அழைப்பேன். கேலி பேசினாலும் நாளுக்கொரு தரமாவது தொட்டியின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார்.

முந்தின நாள் நான் வேலைக்குப் போயிருந்தபோது உறவினர்கள் வந்திருக்கிறார்கள். கலந்து வைத்திருந்த தண்ணீரை அத்தை தன் கல்யாணச் சீர் அண்டாவில் மாற்றிவிட்டு, டிரம்மை அவர்கள் கண்ணில் படாமல் ஒளித்துவைத்திருந்தார். அண்டாவைப் புளி போட்டு விளக்கி, பூ வேறு சுற்றியிருந்தார். காலையில் பார்த்தேன்: தண்ணீரின் விளிம்பை ஒட்டிப் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. பித்தளையில் இருக்கும் தாமிரம் உப்புத் தண்ணீரில் இறங்கிவிடும். மீன்கள் ஓரளவு தாங்கும், இறால் தாங்காது.

பேசாமல் அண்டாவைக் கவிழ்த்துவிட்டு வேறு தண்ணீர் கலந்திருக்கலாம். அத்தையின் மனமும் கோணாது. ஆனால் சொல்லாமல் விட்டால் அடுத்த விருந்துக்கும் இதுவேதான் நடக்கும். சொன்னால், அவர் தொட்டிப் பக்கமே வராமல் போய்விடுவாரோ என்ற பயமும் இருந்தது. கடைசியில் சொல்லிவிட்டேன்.

"அத்தை, இந்தத் தண்ணிய மீன்தொட்டியில ஊத்துனா இறால் செத்துப்போகும். பித்தளை ஆகாது."

அத்தையின் முகம் மாறியது. "டிரம்முல இருந்தா கக்கூஸ் தண்ணின்னு நினைச்சுருவாகன்னுதான் மாத்துனேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "தொட்டியில தண்ணி கொறஞ்சிருந்துச்சு. இப்பத்தான் இதுல ரெண்டு டம்ளர் மோந்து ஊத்துனேன்" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இது தெரியாமலே போயிருக்கும்.

இருவரும் கூடத்துக்கு ஓடினோம். இறால் கல்லுக்குப் பின்னால் பதுங்கியிருந்தது. மீசை மட்டும் அசைந்தது. நஞ்சை இழுத்துக்கொள்ளும் கரிப் பையைத் தொட்டியின் வடிகட்டியில் வைத்தேன். அத்தை ஒளித்துவைத்த டிரம்மை எடுத்துவந்து, சமையலுக்குப் பிடித்து வைத்திருந்த ஆர்.ஓ. தண்ணீரையெல்லாம் அதில் கொட்டினார். நான் உப்பை அளந்து போட, அவர் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"த்தூ. இதுல ரசம் வச்சா எலைய மூடிட்டுப் போயிருவாக."

"கடல் அப்படித்தான் அத்தை இருக்கும்."

"அப்ப இன்னும் ஒரு கை போடவா?"

"வேணாம், உப்பு அளக்குற இந்தக் கண்ணாடிக் குச்சி சொல்லட்டும்."

"என் நாக்க நம்ப மாட்டே, அந்தக் குச்சிய நம்புவே."

உப்பு முழுவதும் கரைந்து தண்ணீர் தெளிந்தபோது மாலையாகிவிட்டது. தொட்டியில் பாதியை இறைத்துவிட்டுப் புதிய தண்ணீரை மெதுவாக விட்டோம். அண்டாத் தண்ணீரைச் செடிகளின் பக்கம் கொண்டுபோகாமல் கழிவறையில் ஊற்றினேன்.

மறுநாள் அத்தையின் குரல் கேட்டுத்தான் எழுந்தேன். "போச்சுத்தா, செத்து வெளுத்துக் கெடக்கு." மணலின் மேல் இறால் ஒன்று கண்ணாடிபோல் அசையாமல் கிடந்தது. குனிந்து பார்த்தேன். அது வெறும் ஓடு. சட்டையைக் கழற்றிப் போட்ட இறால், கல்லின் மேல் புதுச் சிவப்பில் நின்று மீசையை ஆட்டிக்கொண்டிருந்தது.

"செத்தமாதிரி நடிச்சு நம்மள அழ வச்சுருக்கு பாரு, கழுத" என்று சொல்லி அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து உப்புத் தண்ணீர் கலப்பது என் ஒருத்தியின் வேலையாக இல்லை. அத்தையும் நானும் சேர்ந்தே கலக்குகிறோம். தொட்டியில் எதை ஊற்றுவதாக இருந்தாலும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறோம்.