அப்பிரதட்சணமாகப் போக ஆசைப்பட்ட கார்

வீல் அலைன்மென்ட் செய்த மறுநாளிலிருந்துதான் எங்கள் கார் இடதுபக்கம் இழுக்க ஆரம்பித்தது. அதற்கு முன்பு அது எந்தப் பக்கமும் இழுத்ததில்லை. பல் நன்றாக இருக்கிறதா என்று காட்டப் போனவர் பல்வலியோடு திரும்பி வந்த கதையாகிவிட்டது.

சின்ன கார். பழைய வண்டியாக வாங்கியது. எனக்குச் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். கடலூரில் செம்மண்டலத்திலிருந்து தினமும் காரிலேயே போய் வருவேன் என்றேன். அப்பா இரண்டு நாள் கழித்து ஒரு நிபந்தனை வைத்தார். ஞாயிற்றுக்கிழமை அவரையும் அம்மாவையும் உட்கார வைத்துச் சிதம்பரம் வரை ஓட்டிக் காட்ட வேண்டும். ஒழுங்காகப் போய் வந்தால் கார் எனக்கு. இல்லையென்றால் எனக்கு பஸ், கார் மாமாவுக்கு. மாமா என்றால் அம்மாவின் தம்பி. அப்போதே அவர் வண்டிக்கு என்ன கலர் சீட் கவர் போடலாம் என்று கேட்க ஆரம்பித்திருந்தார்.

அப்பாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. வாழ்நாள் முழுக்க ஸ்கூட்டர். அதனால் கார் ஓட்டுவதைப் பற்றி அவருக்கு மிக உறுதியான கருத்துகள் இருந்தன.

முன் டயர் இரண்டும் புதிதாக மாற்றினோம். புது டயர் போட்டால் சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று அலைன்மென்ட் பார்க்க வேண்டும் என்று நான்தான் சொன்னேன். அலைன்மென்டுக்குப் போவதற்கு முந்தைய நாள் அம்மா வண்டிக்குப் பூஜை போட்டார். ஸ்டீரிங் நடுவில் கம்பெனி முத்திரை எப்போதோ விழுந்து வட்டமாக ஒரு பள்ளம் மட்டும் இருந்தது. அந்த மொட்டைப் பள்ளத்தைப் பார்க்க அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. பித்தளை நிறத்தில் ஒரு பிள்ளையார் ஸ்டிக்கரை வாங்கி வந்து அதில் கச்சிதமாக ஒட்டிவிட்டார். மீதி ஸ்டீரிங்கைப் பழைய ஓனர் தடியான கறுப்பு உறையால் மூடித் தைத்திருந்தார். ஆக, அந்தச் சக்கரத்தில் மேல் எது கீழ் எது என்று சொல்லக்கூடியவர் பிள்ளையார் ஒருவர்தான்.

அலைன்மென்ட் கடைக்கு அப்பாவும் வந்தார். நான் வெளியே டயரில் அது தயாரான வாரம் எது என்று குனிந்து படித்துக்கொண்டிருந்தேன். அப்பா உள்ளே முன் சீட்டில் உட்கார்ந்து மெக்கானிக்கோடு ஏதோ பேசினார். வேலை முடிந்ததும் மெக்கானிக், ஸ்டீரிங்கை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டதாகவும் கம்ப்யூட்டரில் எல்லாம் பச்சை காட்டுவதாகவும் சொன்னார். பார்த்தேன். எல்லாம் பச்சைதான்.

மறுநாள் காலை வண்டியை எடுத்தேன். நான் நேராகப் போகிறேன். அது இடதுபக்கம் போகிறது. கையை இறுக்கிப் பிடித்தால் நேராக வரும். கொஞ்சம் தளர்த்தினால் மெல்ல, மரியாதையாக, ஓரம் கட்டும். வழியில் எந்த டீக்கடையைப் பார்த்தாலும் அதற்கு உள்ளே போக வேண்டும். மெக்கானிக் ஷாப், கறிக்கடை, ஒரு கல்யாண மண்டபம் எல்லாவற்றிலும் அதற்கு வேலை இருந்தது.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். இத்தனை வருஷம் வீடியோவில் பார்த்ததையெல்லாம் செய்து பார்க்க ஒரு கோளாறு கையில் கிடைத்திருக்கிறது. என் கைப்பையில் லிப்ஸ்டிக் இருக்காது, காற்றழுத்தம் பார்க்கும் மீட்டர் இருக்கும். நாலு டயரிலும் காற்று சரி. முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டேன். டயரில் குறை என்றால் இழுப்பும் பக்கம் மாற வேண்டும். மாறவில்லை. பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறதோ என்று வண்டியை நிறுத்தி ஒவ்வொரு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தேன். நாலும் ஒரே சூடு. தெருவில் போகிறவர்கள் நான் சக்கரத்துக்குக் காய்ச்சல் பார்க்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

மாமாவிடம் வேறு விளக்கங்கள் இருந்தன. முதலாவது, ரோடு நடுவில் மேடாக இருப்பதால் வண்டி ஓரத்துக்குச் சரிகிறது. சரி என்று ஆளில்லாத இடத்தில் ரோட்டின் வலது ஓரத்தில் ஓட்டிக் காட்டினேன். மேட்டில் ஏறி இடதுபக்கம் போனது. இரண்டாவது, கடல்காற்று. தேவனாம்பட்டினம் கடற்கரை வரை போனோம். போகும்போதும் இடது, வரும்போதும் இடது. காற்று குற்றமற்றது என்று ஆனது. மூன்றாவது விளக்கத்துக்காக மாமா வீட்டிலிருந்து ஓர் அரிசி மூட்டையைத் தூக்கிவந்து என் பின்னால் வலதுபக்கச் சீட்டில் வைத்து பெல்ட்டும் போட்டுவிட்டார். மூட்டையோடும் வண்டி இடதுபக்கம்தான் போனது. ஆனால் அரிசி ரொம்பப் பத்திரமாகப் போனது.

அம்மா திருஷ்டி என்றார். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து எடுத்தோம். இடது சக்கரத்துப் பழம் நசுங்கியது. வலது சக்கரத்துப் பழம் அடிபடாமல் உருண்டு போய்ச் சாக்கடை ஓரத்தில் நின்றது. மாமா அதை எடுத்துத் துடைத்து எல்லோருக்கும் காட்டினார். ஒரு மெக்கானிக்கும் தராத ஆதாரம்.

அலைன்மென்ட் கடைக்கு மறுபடியும் போனேன். மெக்கானிக் பொறுமையாக வண்டியை ஏற்றி, பிள்ளையார் நிமிர்ந்து நிற்கும்படி ஸ்டீரிங்கைப் பிடித்துக் கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டு எல்லாம் பார்த்தார். மறுபடியும் பச்சை. சாமியும் நேராக இருக்கிறது, சக்கரமும் நேராக இருக்கிறது, இதற்குமேல் எதை நேராக்குவது என்று கேட்டார். அவர் பார்த்த பார்வையில், மிச்சமிருப்பது நான் மட்டும்தான் என்று தெரிந்தது.

அப்பா அதை வாயாலேயே சொன்னார்.

"வண்டியில ஒரு கோளாறும் இல்ல. ஓட்டற கையிலதான் கோளாறு."

அது சனிக்கிழமை. நான் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் கிளம்பினோம். என் பக்கத்தில் அப்பா, பின்னால் அம்மாவும் மாமாவும். மாமாவை யாரும் கூப்பிடவில்லை. திரும்பி வரும்போது வண்டியை ஓட்ட ஓர் ஆள் வேண்டாமா என்று அவராக வந்திருந்தார். ஆலப்பாக்கம் தாண்டி, புதுச்சத்திரம் தாண்டி, கையை இறுக்கிப் பிடித்தபடியே ஓட்டினேன். வெளியே பார்ப்பவர்களுக்கு வண்டி நேராகத்தான் போயிருக்கும். எனக்கு, பிடிவாதமான ஒரு கன்றுக்குட்டியைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. வெள்ளாற்றுப் பாலத்தில் தோள் மரத்துவிட்டது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு நம்பிக்கை வந்தது.

சிதம்பரத்துக்குள் நுழைந்ததும் அம்மா, வாங்கின வண்டி கோயிலை ஒரு சுற்று சுற்றிவிட்டு நிற்கட்டும் என்றார். கோயிலைச் சுற்றி நாலு தேர் வீதி. பிரதட்சணமாகச் சுற்ற வேண்டும் என்றால் கோயில் வலதுபக்கம் இருக்க வேண்டும். ஒவ்வொரு முனையிலும் வலதுபக்கம் திரும்ப வேண்டும். நான் அதுவரை யோசிக்காத விஷயம் அது.

கீழ வீதியிலிருந்து தெற்கு வீதிக்குத் திரும்பும் முனை. ஒருபக்கம் பூக்கடை, மறுபக்கம் வரிசையாக பைக். வலதுபக்கம் ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்தேன். போதவில்லை. இடதுபக்கம் எவ்வளவு வேண்டுமானாலும் ஒடிகிற வண்டி, வலதுபக்கம் பாதியிலேயே நின்றுகொண்டது. வண்டியின் மூக்கு பூக்கடைக்குள் போய் நின்றது. பின்னால் எடுத்தேன். மறுபடியும் பூக்கடை. பூக்காரம்மா ஒரு முழம் மல்லிகையை நீட்டி, வேணுமா வேணாமா என்று கேட்டார்.

பின்னால் ஆட்டோக்கள் ஹாரன் அடித்தன. மாமா இறங்கி, தேருக்குப் போடுவதுபோல சக்கரத்துக்கு ஒரு முட்டுக்கட்டை போட்டால் திரும்பிவிடும் என்று உண்மையிலேயே கட்டை தேடினார். கிடைக்காததால் ஜன்னல் வழியாக அப்பாவிடம் குனிந்தார்.

"மாமா, வண்டி மேல தப்பு இல்ல. அதுக்கு அப்பிரதட்சணமா போவணும்னு ஆசை."

"ஏறு மச்சான்," என்றார் அப்பா.

அம்மாவின் முகம் கறுத்துவிட்டது. இழுப்பு, காற்று, டயர் எல்லாம் அவருக்கு ஒரு பொருட்டல்ல. இந்த வண்டி சாமியைச் சுற்ற மறுக்கிறது என்பது வேறு விஷயம். அப்பா மடியில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திரும்பி மாமாவிடம் சாவியை வாங்கிக்கொள்ளச் சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அதற்குள் சுற்றை முடித்துவிட வேண்டும். மேல வீதி முனையில் மூன்று தடவை முன்னும் பின்னும் போனேன். வடக்கு வீதி முனையில் எத்தனை தடவை என்று எண்ணவில்லை.

வடக்கு வீதியில் கொஞ்சம் கூட்டமில்லாத இடம் வந்தது. கை வலி தாங்கவில்லை. மெல்ல உருட்டிக்கொண்டே ஒரு நொடி ஸ்டீரிங்கை விட்டேன். அது தானாகத் திரும்பி ஓர் இடத்தில் போய் நின்றது. தடுமாறவில்லை, ஆடவில்லை; வீட்டுக்கு வந்தவர் நாற்காலியில் உட்காருவதுபோல அமைதியாக நின்றது. பிள்ளையார் இடதுபக்கம் சாய்ந்து, யாரோ சொல்வதற்குக் காது கொடுப்பதுபோல இருந்தார். வண்டி ஓரம் கட்டியது. பிரேக்கை மிதித்தேன்.

எங்கள் வண்டியில் இருப்பது மோட்டார் உதவியோடு திரும்பும் எலெக்ட்ரிக் ஸ்டீரிங்; அதற்குத் தன் நடு எதுவென்று தெரியும். விட்டால் அங்கேதான் போய் நிற்கும். அப்படியானால் அதன் நடுவில் பிள்ளையார் ஏன் சாய்ந்திருக்கிறார்?

"அம்மா, வண்டி எங்க நின்னப்ப பிள்ளையார ஒட்டுன?"

"நம்ம வீட்டு வாசல்லதான். ஏன், கோணலாவா ஒட்டியிருக்கேன்? தூக்குக்குண்டு விட்டுப் பாத்தாலும் நேராதான் இருக்கும்."

இருக்கும்தான். எங்கள் வாசலில் இடதுபக்கம் இருக்கும் சாக்கடைப் பலகையில் ஏறிவிடுமோ என்று பயந்து நான் எப்போதும் சக்கரத்தை வலதுபக்கம் ஒடித்துத்தான் நிறுத்துவேன். ஸ்டீரிங் திரும்பி நிற்கும்போது அம்மா பிள்ளையாரைப் பூமிக்கு நேராக ஒட்டியிருக்கிறார். வண்டிக்கு நேராக அல்ல. அதனால் வண்டி நேராகப் போகும்போது பிள்ளையார் சாய்ந்திருப்பார். பிள்ளையாரை நிமிர்த்தி வைத்துவிட்டு, அதற்குத் தக்கபடி சக்கரங்களைத் திருப்பிக் கட்டினால் ஸ்டீரிங் காலமெல்லாம் பழைய நடுவுக்கு, அதாவது இடதுபக்கம், போகப் பார்க்கும். வலதுபக்கம் ஒடிவதும் குறைந்துபோகும். இதையெல்லாம் நான் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். ஆனால் அந்த மெக்கானிக் போயும் போயும் ஒரு ஸ்டிக்கரைப் பார்த்தா அலைன்மென்ட் செய்வார் என்றேன்.

அப்பா தொண்டையைச் செருமினார். கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நான்தான் சொன்னேன். சாமி சாஞ்சிருக்குது, மொதல்ல அத நேராக்குப்பான்னு."

மாமா, "அப்ப அந்த எலுமிச்சம்பழம்?" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

கோயிலுக்குப் போய்விட்டு வந்து, பைபாஸ் ரோட்டில் திறந்திருந்த ஓர் அலைன்மென்ட் கடையைக் கண்டுபிடித்தோம். நடந்ததை நான் சொன்னேன். கடைக்காரர் பிள்ளையாரையும் எங்கள் நாலு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு, தன் வாழ்நாளில் யாரிடமும் கேட்டிருக்க முடியாத ஒரு கேள்வியைச் சாதாரணமாகக் கேட்டார்.

"சாமி நேரா இருக்கணுமா, வண்டி நேரா இருக்கணுமா? ரெண்டும் ஒண்ணா வராது."

ஸ்டிக்கரைப் பிரித்து நேராக ஒட்டலாம் என்றார் மாமா. பிரித்தால் தும்பிக்கை கிழியும், பசை அப்படி. கிழிந்த பிள்ளையாரை என்ன செய்வது? தன் கையால் பிரிக்கமாட்டேன் என்று கடைக்காரரும் சொல்லிவிட்டார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா முடிவு சொல்லாமல் எதுவும் நடக்காது. திங்கட்கிழமை நான் காரில் போவதா பஸ்ஸில் போவதா என்பது இப்போது என் கையிலும் இல்லை, அப்பா கையிலும் இல்லை. சாமி சாய்வதற்கு அம்மா சம்மதிக்க வேண்டும்.

அம்மா நெற்றியில் விபூதியோடு கோயில் இருந்த திசையைத் திரும்பிப் பார்த்தார்.

"இப்பதான் பாத்துட்டு வரோம். அவரே ஒத்தக் கால தூக்கிக்கிட்டு சாஞ்சிதான் நிக்கறாரு. அப்பன் அப்படி நிக்கும்போது புள்ள சாஞ்சா என்னா? நீ வண்டிய நேராக்குப்பா."

வேலை முடிந்தது. மறுபடியும் எல்லாம் பச்சை. பிள்ளையார் இடதுபக்கம் சாய்ந்துகொண்டார். வண்டி ஒரு சாண்கூட விலகாமல் புதுச்சத்திரம் வரை போனது. இரண்டு விரலால் ஓட்டினேன், வேண்டுமென்றேதான். எந்த டீக்கடையும் அதற்கு இப்போது வேண்டியிருக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன்: மாமா தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அப்பா பிள்ளையாரையே பார்த்துக்கொண்டு வந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் தலையும் அதே அளவுக்கு இடதுபக்கம் சாய்ந்துவிட்டது. அப்படிப் பார்த்தால் அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்கும்.

ஆலப்பாக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால், தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"நாளைக்கு எத்தன மணிக்குக் கெளம்பற?"

சொன்னேன். பஸ்ஸைப் பற்றி அவர் பேசவில்லை.

அம்மா மட்டும் ஒரு நிபந்தனை வைத்தார். ஓடும்போது சாமி எப்படி வேண்டுமானாலும் சாயட்டும். ராத்திரி வீட்டில் நிற்கும்போது நேராக நிற்க வேண்டும். அதனால் தினமும் சிதம்பரத்திலிருந்து வந்து வாசலில் நிறுத்திய பிறகு, பிள்ளையார் நிமிரும்வரை ஸ்டீரிங்கை வலதுபக்கம் ஒடித்துவிட்டு இறங்குகிறேன். அம்மா டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்வார். எதிர்வீட்டுக்காரர், பாவம் இந்தப் பெண்ணுக்கு வண்டியை நேராக நிறுத்தத் தெரியவில்லை என்று அப்பாவிடம் வருத்தப்பட்டாராம். அப்பா, ஓட்டற கையில கோளாறு இல்லீங்க என்று மட்டும் சொன்னாராம்.