மாதையன் வீசினானா, எறிந்தானா

புளி காயவைக்க ஃப்ளெக்ஸ் விரித்தேன். எங்கள் பக்கம் இப்போது தார்ப்பாய் யாரும் வாங்குவதில்லை. கல்யாண ஃப்ளெக்ஸ் என்றால் நல்ல கனம், நாலு வருஷம் வரும். கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் மெல்லிசு. செத்தவனுக்கு இது போதும் என்று நினைப்பார்கள் போல. இது கிரிக்கெட் ஃப்ளெக்ஸ். பொங்கலுக்குக் கட்டியது. கூடையைக் கவிழ்க்கப் போனேன். வசந்தா வாசலிலிருந்து சத்தம் போட்டாள்.

"ஏங்க, எங்கண்ணன் மூஞ்சி மேலயா புளியக் கொட்டுவீங்க?"

குனிந்து பார்த்தேன். என் மச்சான் மாதையன் சிரித்துக்கொண்டு கிடந்தான். தலைக்கு மை அடித்திருந்தான். கழுத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை.

வெயிலில் காய்ந்த ஃப்ளெக்ஸுக்கு ஒரு வாடை உண்டு. புது ரப்பர் பந்தை மூக்கில் வைத்தால் வருகிற அதே வாடை. அந்தப் பந்தை நாங்கள் ஸ்டம்பர் பால் என்போம். டென்னிஸ் பந்தைவிடக் கனம். மேலே பட்டால் வட்டமாகச் சிவக்கும். வாயில் பட்டால் என்ன ஆகும் என்பதை அந்தோணியைக் கேட்க வேண்டும்.

அந்தோணி எங்கள் ஊர்க்காரன். ஏரிக்கு இந்தாண்ட நாங்கள், அந்தாண்ட மாதையன் ஊர். நடுவில் ஏரி. தண்ணீர் இருக்கிற வருஷம் இரண்டு ஊரும் சமாதானமாக இருக்கும். ஏரி வற்றினால் கிரிக்கெட். கிரிக்கெட் என்றால் சண்டை. மழை வேண்டி மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள் பெரியவர்கள் மட்டும்தான். வாலிபப் பையன்கள் எல்லாம் உள்ளுக்குள் வேறு வேண்டுதல் வைத்திருந்தோம்.

அப்போது எனக்கு மாங்காய் லோடு ஏற்றுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை தோள்பட்டை வலியோடு மட்டை பிடிப்பேன். நான்தான் ஓப்பனர். நன்றாக ஆடுவேன் என்பதால் இல்லை. மாதையன் பந்து புதுசாக இருக்கும்போது எதிரில் நிற்க வேறு யாரும் வரமாட்டார்கள். கோயிலுக்கு முதல் ஆடு மாதிரி என்னை அனுப்புவார்கள். நானும் போனேன், வந்தேன்.

எங்கள் பக்கம் அம்பயர் என்று தனி ஆள் கிடையாது. மட்டை பிடிக்கிற டீம்தான் ஆள் தர வேண்டும். முதலில் யார் அவுட்டோ அவன் அம்பயர். அதனால் என் உத்தியோகம் நிரந்தரம். மட்டையை அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டு அப்படியே எதிர்முனைக்கு நடந்து போய் நின்றால் ஆச்சு. சில நாள் என் மட்டை பந்தைத் தொட்டதே இல்லை. ஆனால் மாதையன் ஓடி வந்து கையைச் சுழற்றும் இடத்துக்கு என்னைவிடக் கிட்டத்தில் நின்ற மனுஷன் இந்த ஜில்லாவிலேயே இல்லை.

மாதையன் பந்து எப்படி என்று கேட்டால், வரும். அவ்வளவுதான் தெரியும். வந்தது தெரிவதற்குள் பின்னால் குச்சி கிடக்கும். விக்கெட் விழுந்தால் துள்ள மாட்டான், கத்த மாட்டான். கையை டவுசரில் துடைத்துக்கொண்டு அவுட்டானவனைப் பார்ப்பான். அந்தப் பார்வைக்கே பாதிப் பேருக்கு அவனைப் பிடிக்காது. வேறு ஊர் மேட்சில் அம்பயர் யாராவது நோபால் என்று சொல்லிவிட்டால் பந்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். பந்து அவனுடையது இல்லை.

மீதிப் பாதிப் பேர் சொன்னது வேறு. அவன் பந்து வீசவில்லை, எறிகிறான் என்றார்கள். தோப்பில் கல்லால் மாங்காய் அடிக்கிற மாதிரி முழங்கையை மடக்கி எறிவது. அதற்கு எங்கள் ஊரில் மாங்கா போடுகிறான் என்று பெயர்.

"மாங்காடா அது! நோபால் சொல்லுடா!" என்று என் டீமே எல்லையில் நின்று கத்தும். நான் சொன்னதில்லை. ஒரு நாள் அந்தோணி முன்பல்லைக் கையில் வைத்துக்கொண்டு ரத்தத்தோடு என் முன்னால் வந்து நின்றான். அப்போதும் சொல்லவில்லை. பிறகு மாதையன் தங்கச்சி வசந்தாவையே எனக்குப் பேசி முடித்தார்கள். அந்தோணி பத்திரிகையை வாங்கிக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டான்.

"ஏன்டா, அங்க பந்து பாக்க நின்னியா, பொண்ணு பாக்க நின்னியா?"

வசந்தா ஏரிப்பக்கம் வந்ததே கிடையாது. சொன்னால் யார் நம்புகிறார்கள்.

அந்த வழக்கு முடியவே இல்லை. எங்கள் ஊர் டீக்கடையில் அது எறி. அந்தாண்ட ஊர் டீக்கடையில் அது கலை. இரண்டு கடையும் அதில்தான் ஓடியது. கடை சாத்தும்வரை பேசுவார்கள். ஆடாதவனுக்குத்தான் சத்தம் ஜாஸ்தி. பார்க்காதவனுக்கு அதைவிட ஜாஸ்தி. அந்தாண்ட ஊரில் பிரதாப் என்று ஒரு பையன். மாதையன் பந்து போடுவதை நிறுத்திய பிறகு பிறந்தவன். "அண்ணன் ஆக்சன அப்படியே சுத்தமா பாத்தா, கை ரூல்தடி வெச்ச மாதிரி இருக்கும்ங்க" என்பான். எங்கே பார்த்தாய் என்று யாரும் கேட்கவில்லை.

இந்தப் பொங்கலுக்கு இரண்டு ஊரும் சேர்ந்து ஒரே டோர்னமென்ட் வைத்தார்கள். ஒற்றுமை வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஒரு ஊரில் பதினோரு பேர் தேறவில்லை. எல்லாரும் ஓசூரிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். சேர்ந்து டோர்னமென்ட் என்றால் சேர்ந்து ஒரு ஃப்ளெக்ஸ். ஃப்ளெக்ஸில் யார் படம் என்று பால் சொசைட்டி வாசலில் கமிட்டி கூடியது. மாதையன் படம் நடுவில் பெரிதாக வர வேண்டும், அவனே முதல் பந்தைப் போட்டுத் தொடங்கி வைக்க வேண்டும் என்றான் பிரதாப். அந்தோணி எழுந்தான்.

"மாங்கா அடிச்சவனுக்கு ஃப்ளெக்ஸா? அப்ப மாந்தோப்பு வாசல்ல கட்டுங்கடா."

"நீங்க ஒரு பல்லுக்காகப் பேசறீங்ணா."

"உம்பல்லு போயிருந்தா நீ கோர்ட்டுக்கே போயிருப்படா."

சிரித்தார்கள். பிறகு எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். "மாமா, நீங்கதான் பக்கத்துல நின்னீங்க. மடக்கினாரா, மடக்கலையா? ஒரே வார்த்தை" என்றான் பிரதாப்.

"நான் காலத்தான் பாத்தேன்" என்றேன்.

ஒருவருக்கும் பிடிக்கவில்லை. ஆனால் நடந்தது அதுதான். கோட்டைத் தாண்டிக் கால் வைக்கிறானா என்று பார்ப்பதுதான் அங்கே நிற்கிறவன் வேலை. காலைப் பார்த்தால் கை தெரியாது. நிமிர்வதற்குள் குச்சி விழுந்திருக்கும். மாதையன் பாதத்தில் இருந்த கல் குத்தின தழும்பு வரை எனக்குத் தெரியும். முழங்கை தெரியாது.

இந்தக் கூச்சல் எதையும் தான் காதில் போட்டுக்கொள்வதில்லை என்பான் மாதையன். "எவன் மூஞ்சியப் போட்டா எனக்கென்ன மாப்ள" என்று வரப்பில் துப்பிவிட்டுப் போனான். மறுநாள் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு நல்லம்பள்ளி போய் ஸ்டூடியோவில் படம் எடுத்து வந்தான். அதைத் தங்கச்சி கையில் கொடுத்தான், நான் பார்க்காத மாதிரி. படத்தில் கையில் பந்து. கையைக் காதோடு ஒட்டி மேலே தூக்கியிருந்தான். கொடிக்கம்பம் தோற்றது. அவ்வளவு நேர். வசந்தா படத்தை வாங்கிக்கொண்டு என்னிடம் சொன்னாள், "எங்கண்ணன் எதையும் யார்கிட்டயும் கேட்டதில்ல. இது வந்துரணும்ங்க."

கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தோணி தூரமாகப் பிடித்துப் பார்த்தான்.

"நின்னுக்கிட்டுத் தூக்கினா எங்கையும்தான் நேரா இருக்கும். எங்க ஆயா கையும் நேரா இருக்கும்."

மறுபடியும் தொடங்கியது. படம் போட்டால் எங்கள் ஊர் வராது. போடாவிட்டால் அந்தாண்ட ஊர் வராது. கடைசியில் பிரதாப்பே வழி கண்டுபிடித்தான். "மூஞ்சிய மட்டும் போட்டுக்கலாம்ங்க. மூஞ்சிக்கு யாரு நோபால் சொல்லுவா?" அந்தோணி ஓட்டைப் பல் தெரியச் சிரித்தான். கை தட்டினார்கள். போனில் படம் பிடித்து, அங்கேயே விரலால் தேய்த்துக் காதோரக் கையையும் நீக்கிக் கழுத்தோடு வெட்டினார்கள். பேசிப் பேசித் தீராததை ஒரு விரல் தீர்த்து வைத்தது. எனக்கும் அப்போது அது நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது.

பொங்கலன்று மாதையன் அதே வெள்ளைச் சட்டையில் வந்தான். ஃப்ளெக்ஸுக்கு முன்னால் நின்றான். நடுவில் பெரிதாக அவன் முகம். சுற்றிலும் ஸ்பான்சர்கள், கைகூப்பியபடி, முழு உருவமாக. ரொம்ப நேரம் பார்த்தான்.

"மாப்ள, மூஞ்சி நல்லா வந்திருக்குது. கை எங்கடா?"

நான் அவன் காலைப் பார்த்தேன்.

மைக்கில் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பிரதாப் புதுப் பந்தைக் கொண்டுவந்து நீட்டினான். இரண்டு பக்கமும் செல்போன்கள் உயர்ந்தன. ஸ்லோமோஷனில் பிடித்து இன்றோடு முடித்துவிடலாம் என்று இரண்டு கட்சிக்கும் ஆசை. அந்தோணி தரையில் உட்கார்ந்து முழங்கை மட்டத்துக்குப் போனைப் பிடித்திருந்தான். மாதையன் பந்தை வாங்கினான். மோந்து பார்த்தான். திருப்பிக் கொடுத்தான்.

"கையில்லாதவன் எப்படிப்பா பந்து போடுவான்?"

டவுசரில் துடைக்கிற மாதிரி வேட்டியில் கையைத் துடைத்தான். அந்தோணியைப் பார்த்தான், அதே பார்வை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். செல்போன்கள் கொஞ்ச நேரம் மேலேயே நின்றன.

ஏரியைத் தூர் வாரியபோது எங்கள் பழைய பிட்சையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போனார்கள். எந்தச் சூளையில் வெந்து யார் வீட்டுச் சுவரில் இருக்கிறதோ. இந்த டோர்னமென்ட் பள்ளிக்கூட மைதானத்தில்தான் நடந்தது. அம்பயர்கள் தர்மபுரியிலிருந்து வெள்ளைத் தொப்பியோடு வந்தார்கள். என் உத்தியோகம் போனது. அதற்கு நான் அழவில்லை.

சண்டையும் போனது. இப்போது இரண்டு டீக்கடையிலும் மாதையனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேசினால் கடைசியில் ஃப்ளெக்ஸில் வந்து நிற்கும். அந்தோணி டீயை ஊதி ஊதிக் குடிக்கிறான். பல் போன ஓட்டை வழியாகக் காற்று வருகிறது. எதிரில் வாதாட ஆள் இல்லாதவன் டீ குடிப்பதைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது.

வசந்தா சத்தம் போட்டதால் ஃப்ளெக்ஸைத் திருப்பி விரித்தேன். பின்பக்கம் வெறும் வெள்ளை. புளியைக் கொட்டிக் கையால் பரப்பினேன்.