பூட்டுக்காரர்கள்

அச்சகத்தில் அவளுக்குப் பக்கம் வடிவமைக்கும் வேலை. மருந்துப்பெட்டி அட்டையோ கடைத்திறப்பு நோட்டீஸோ, வாசகத்தையும் அவளே செதுக்கித் தருவாள். "நீ எழுதின சோப்பு விளம்பரத்தைப் படிச்சாலே குளிச்ச மாதிரி இருக்கு" என்பார் முதலாளி.

அவள் பயன்படுத்தியது விலையில்லாத ஒரு மென்பொருள். பல ஊர்க்காரர்கள் சம்பளம் வாங்காமல் சேர்ந்து எழுதுவது. அதன் நிரலை யாரும் எடுக்கலாம், மாற்றலாம். அந்தக் குழுவுக்குள் அவளை இழுத்துவிட்டவன் தம்பி. அவன் நிரல் எழுதினான், அவள் அறிவிப்புகள் எழுதினாள். வீட்டுச் சாப்பாட்டு மேஜையின் இரு முனைகளிலும் ஆளுக்கொரு கணினி.

புதிதாக யார் எதை எழுதினாலும் இரண்டு பேர் சரிபார்த்த பிறகே சேர்க்க வேண்டும் என்று தம்பியும் வேறு சிலரும் கேட்டார்கள். குழுவை நடத்திவந்தவருக்கு அது பிடிக்கவில்லை. எல்லாரும் அவரைக் கேப்டன் என்பார்கள். இப்படிக் கெடுபிடி செய்தால் புதியவர்கள் ஓடிவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். அதிலும் நியாயம் இருந்தது.

"இதை எதிர்த்து நாலு வரி எழுதிக் குடுங்க. படிச்சா சுருக்குனு தைக்கணும்" என்றார் அவளிடம்.

'கதவைத் திறந்து வைத்தவர்கள் நாம். பூட்டோடு வருகிறார்கள் பூட்டுக்காரர்கள்' என்று எழுதிக் கொடுத்தாள்.

சொல் பற்றிக்கொண்டது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அதன்பின் குழுவின் இணைய அரட்டையில் யாராவது "சரிபார்த்தாச்சா?" என்று கேட்டால் பதில் வராது, ஒரு பூட்டுப் படம் மட்டும் வந்து விழும். கேப்டனும் காரணம் சொல்வதை விட்டுவிட்டார். அதற்குத் தேவையே இருக்கவில்லை.

ஒருநாள் அச்சில் நிறம் மங்குவதைப் பற்றித் தம்பி ஒரு சாதாரணக் கேள்வி கேட்டிருந்தான். அதன் கீழே வரிசையாகப் பூட்டுகள். அதில் ஒன்று, அவர்கள் வீட்டில் வந்து சாப்பிட்டுவிட்டுப் போன நண்பன் போட்டது.

"உன்னைச் சொல்லலடா நான்" என்றாள் அன்று மாலை.

"பின்ன யாரை? ரெண்டு பேர் பாக்கணும்னு முதல்ல கேட்டதே நான்தானேக்கா."

"யார் முகத்தையும் நினைச்சு எழுதல."

"அதான் அவ்ளோ நல்லா வந்திருக்கு."

அன்றிரவே 'அந்தச் சொல் என்னுடையது. தயவுசெய்து இனி யாரும் பயன்படுத்த வேண்டாம்' என்று குழுவில் எழுதினாள். முன்பின் தெரியாத ஒருவன் பதில் போட்டான்: "அக்கா, இங்க எதுவும் யாருக்கும் சொந்தமில்ல. யார் வேணா எடுத்துக்கலாம்." கீழே ஒரே சிரிப்புப் படங்கள். "தம்பிப் பாசம்!" என்றான் இன்னொருவன். அவள் செய்திக்கும் ஒரு பூட்டு விழுந்தது.

தம்பி சண்டை போடவில்லை. பாதியில் இருந்த வேலையை முடித்து ஒப்படைத்துவிட்டுக் குழுவிலிருந்து விலகினான். அவன் போனதால் மென்பொருள் ஒன்றும் மூழ்கிவிடவில்லை. அதுதான் அவளை இன்னும் உறுத்தியது.

கேப்டன் மறுபடியும் பூட்டுக்காரர்களுக்கு எதிராக ஒரு நோட்டீஸ் கேட்டார். "எழுதறேன். அவங்க சொல்றதையும் பக்கத்துலயே போடுவீங்களா?" என்றாள். "அப்புறம் எதுக்கு நோட்டீஸ்?" என்றார் அவர். அவள் எழுதவில்லை. சந்தேகம் கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதோடு நிறுத்திக்கொண்டாள்.

புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் தனியாகக் கேட்டாள்: "பூட்டுக்காரங்கன்னா யாருக்கா? வைரஸ் அனுப்புறவங்களா?"

"இல்லம்மா. ரெண்டு பேர் சரிபாக்கட்டும்னு சொன்னவங்க."

"அவ்ளோதானா? அது நல்லதுதானே?"

'அதைக் குழுவிலேயே கேளு' என்று தட்டியவள், அனுப்பாமல் யோசித்தாள். கேட்டால் அந்தப் பெண்ணுக்கு என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். மேஜையின் எதிர்முனையில் தம்பி சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான்.

'நீ கேக்கும்போது நானும் கூட நிக்கறேன்' என்று சேர்த்து அனுப்பினாள்.