லாமிக்குத் தெரியாமல் நகாசியில் பெட்டி வாங்கினேன்

இன்று நகாசியில் பெட்டி வாங்கப் போனேன்!

எங்கள் ஊர் லாமியில் கடை இல்லையா, நம் தீவின் தலைநகர் சுவாவில் கடை இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அங்கே தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். அதுதான் பிரச்சினை.

நம் ஆட்களின் சட்டம் தெரியும் அல்லவா? விசா வந்தாலும் டிக்கெட் கைக்கு வரும் வரை மூச்சு விடக் கூடாது. கண் பட்டுவிடும்! (டிக்கெட் வந்த பிறகு சொன்னால் படாதாம். அந்தக் கண்ணுக்கும் டிக்கெட் பார்க்கத் தெரியும் போல.)

எங்களுக்கு ஆக்லாந்து போக விசா வந்து மூன்று வாரம் ஆகிறது. நான், வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள். நான்கு பெட்டி வேண்டும். பஸ் மாறி, சுவாவைத் தாண்டி, நவுசோரி போகிற வழியில் நகாசியில் இறங்கினேன்.

எனக்குக் கல்யாணமான புதிதில் அங்கே புல்லும் மாடும்தான். இப்போது சூப்பர்மார்க்கெட், பேங்க், மருந்துக் கடை, கோழி பொரிக்கும் கடை. கார் நிறுத்த இடமில்லாமல் சண்டை வேறு! குத்தகை முடிந்து கரும்புத் தோட்டத்தை விட்டவர்கள் எல்லாம் அந்தப் பக்கம்தான் வீடு கட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கம் ஊரே கிளம்பிப் போகிறது, இன்னொரு பக்கம் கடை மேல் கடை திறக்கிறார்கள்.

பெட்டிகள் இருந்த வரிசைக்குள் நுழைந்தேன்.

அங்கே எங்கள் லாமி கோயில் கமிட்டி சரோஜா அக்கா! இரண்டு கையிலும் இரண்டு பெட்டி! (பெயரை மாற்றிவிட்டேன் அக்கா, பயப்படாதீர்கள்.)

இருவரும் திருதிருவென்று முழித்தோம்.

"வீட்ல எலித் தொல்லை லச்சு. துணிமணி போட்டு வெக்கலாம்னு..."

"எங்க வீட்லயும் எலிதாங்க்கா!"

(லாமி எலிகளுக்குப் பயந்து சக்கரம் வைத்த பெட்டி வாங்கும் குடும்பங்கள் இத்தனையா?)

அதற்குள் கடைப் பெண் வணக்கம் வைத்தபடி வந்து, "புலா மேடம்! நியூசிலாந்தா, ஆஸ்திரேலியாவா? பெரிய பெட்டி அந்தப் பக்கம்!" என்று கடை முழுக்கக் கேட்கும்படி இந்தியில் சொன்னாள். திரும்பிப் பார்த்தால் சரோஜா அக்காவைக் காணோம்.

சிரித்தேனே தவிர, உள்ளுக்குள் பயம்தான். சரோஜா அக்காவுக்காக இல்லை. என் அண்ணனுக்காக.

அண்ணன் நவுவாவில் வேன் ஓட்டுகிறார். எண்பத்தேழில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த கலகத்துக்குப் பிறகு சித்தப்பா குடும்பம் கனடா போனது. இரண்டாயிரத்துக் கலகத்துக்குப் பிறகு அக்கா போனாள். 2006-க்குப் பிறகு மாமா பிள்ளைகள். அத்தனை பேரையும் நாந்தி ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோய் விட்டது அண்ணன்தான். வேன் நிறைய ஆட்களோடு போவார், தனியாகத் திரும்பி வருவார்.

அவர் கூடப் பிறந்தவர்களில் இங்கே மிச்சம் நான் ஒருத்திதான். அவர் பிள்ளைகளுக்கு இந்திதான் வரும். தமிழில் திட்டுவதற்குக்கூட அவருக்கு என்னை விட்டால் ஆள் கிடையாது.

அவரிடம் நான் சொல்லவில்லை. கண் படும் என்பதெல்லாம் சாக்கு. எனக்குத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஒரே மாதிரி மூன்று பெட்டிதான் இருந்தது. அதைத் தள்ளிக்கொண்டு கவுன்டருக்குப் போனேன். எனக்கு முன்னால் கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு நிறத்தில் ஒரு பெட்டி. அதைப் பிடித்துக்கொண்டு நின்றவர் திரும்பினார்.

அண்ணன்!

"அண்ணே, நீ எங்கண்ணே போறே?"

"நான் எங்க போறேன்? இது உனக்கு."



"யாருண்ணே சொன்னா?"

"போட்டோக் கடைக்காரருதான். காது தெரிய, சிரிக்காம, நாலு பேரும் வந்து படம் எடுத்தா வேற எதுக்கு லச்சு? ஆறு மாசமாத் தெரியும். லாமில வாங்கினா நீ பாத்துடுவே, சுவால வாங்கினா அங்க வேலை பாக்குற மாப்ள பாத்துடுவாரு. அதான் இவ்ளோ தூரம் வந்தேன்."

"கோவமாண்ணே?"

"கோவந்தான். போறதுக்கு இல்ல. போங்க, பிள்ளைங்க நல்லாப் படிக்கட்டும். ஆனா நம்ம ஆளுங்க ஒவ்வொருத்தரும் கெளம்புற வாரம் போன் போட்டுத்தான், 'வேன் காலியா இருக்கா'ன்னு கேட்டாங்க. அதுதான் எனக்குச் சேதி. நீயும் அப்பிடிக் கேட்டுடுவியோன்னு ஆறு மாசமா போன் அடிச்சாலே பயம் எனக்கு."

நான் அங்கேயே உடைந்து அழுதேன். பின்னால் நின்றவர்கள் அடுத்த கவுன்டருக்கு நகர்ந்தார்கள். (அழுகிறவர்களை இந்தக் கடையில் நிறையப் பார்த்திருப்பார்கள் போல!)

பிறகு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, அண்ணனிடம் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். எந்த வீடு, எந்தப் பள்ளிக்கூடம், வீட்டுக்காரருக்கு என்ன வேலை, எல்லாம். பாதிக்கு மேல் அவருக்குத் தெரிந்ததுதான். ஆனாலும், "அப்பிடியா? அச்சா! அப்புறம்?" என்று இன்றுதான் முதல் தடவையாகக் கேட்பவர் போலவே கேட்டார்.

ஆமாம் நண்பர்களே, நாங்கள் போகிறோம். அண்ணனிடம் சொல்லியாயிற்று, இனி யாரிடம் சொல்லவும் எனக்குப் பயமில்லை.

நீங்கள் யாரிடம் இன்னும் சொல்லவில்லை?

இன்றைக்கே போன் போடுங்கள். அவருக்கு விஷயம் எப்போதோ தெரியும். உங்கள் வாயால் கேட்பதற்குத்தான் காத்திருக்கிறார்.