அடைப்புக்குறிக்குள் மஸ்கட்

அக்கா மகளுக்குக் கல்யாணம். கார்டில் போடவேண்டிய சொந்தக்காரர் பட்டியலை நான்தான் தட்டினேன். தக்கலை பிரஸ்காரருக்குப் பழைய எழுத்துருவில் கொடுத்தால்தான் ஆகும். அப்படி மாற்றித் தரும் சின்ன நிரல் ஒன்று என்னிடம் உண்டு. பட்டியலைத் தட்டிய எடிட்டரிலிருந்தே அதைக் கூப்பிட்டு, பட்டியலை வரிவரியாகக் கொடுத்து வாங்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். இரணியலில் உட்கார்ந்து பெங்களூர் கம்பெனிக்கு மென்பொருள் வேலை பார்க்கிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்ற திமிர்.

மாதிரிக் கார்டு வந்தது. விரல் வைத்து வாசித்துக்கொண்டே போன அக்கா கத்தினாள்.

"ஏலே, மஸ்கட் எங்கலே?"

அத்தானின் அண்ணன் மஸ்கட்டில் இருக்கிறார். போன கல்யாணத்தில் தன் பெயரைத் தம்பி பெயருக்குக் கீழே போட்டார்கள் என்று பந்தியில் உட்காராமலே போன மனுஷன். இதில் பெயரே இல்லையென்றால் கல்யாணத்துக்கே வரமாட்டார், தீர்ந்தது கதை. அந்த வீட்டில் வாழவேண்டியவள் அக்கா.

பார்த்தால் அவர் மட்டுமில்லை. துபாய், குவைத் ஒருத்தருமில்லை. ஊரில் இருப்பவர்கள் மட்டும் பத்திரமாக இருந்தார்கள்.

"நான் வேணும்னே விட்டேன்னுல்லா சொல்லுவாவ!" என்று அழ ஆரம்பித்தாள். நான் ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தேன்.

எங்கள் பக்கம் வெளிநாட்டில் இருப்பவர் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் நாட்டைப் போடாவிட்டால் மரியாதைக் குறைவு. நானோ ஒவ்வொரு வரியையும் நிரலைக் கூப்பிடும் கட்டளையின் வாலில் அப்படியே ஒட்டி அனுப்பியிருந்தேன். கட்டளையை வாசிக்கும் ஷெல், அடைப்புக்குறியைத் தனக்கு இட்ட உத்தரவாக எடுத்துக்கொண்டு, புரியாமல் அந்த வரியையே தள்ளிவிட்டது. அது சொன்ன பிழைச் செய்திகளையும், திரையை அடைக்கிறதென்று, நானே காட்டவிடாமல் செய்திருந்தேன். முட்டாள்தனத்துக்கு ஒரு அளவு வேண்டாமா!

கட்டளை தனி, பெயர்கள் தனி என்று பிரித்தேன். பட்டியல் மொத்தத்தையும் நிரலின் உள்ளீட்டு வழியாகக் கொடுத்தேன். அந்த வழியில் போவதை ஷெல் வாசிப்பதே இல்லை. ஸ்கிரிப்டில் மாற்றியது ஒரே வரிதான். மஸ்கட் வந்தது, குவைத் வந்தது. அப்பாடா! பிரஸ்காரருக்குப் போன் போட்டேன். "இன்னும் அச்சுக்கு ஏத்தல, அனுப்புங்க" என்றார்.

புது மாதிரியை அத்தான் தன் அண்ணனுக்குப் போனில் அனுப்பினார். மூன்று பேரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் மஸ்கட்டிலிருந்து அவர் குரல் வந்தது.

"பேரு பொடியாட்டுல்லா கெடக்கு, மனுசன் எப்படி வாசிக்க? நான் வந்து கேக்கேன் அந்த பிரஸ்காரன்ட்ட."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"வந்து கேக்காராம்லே," என்றாள். "வந்து."