பிரேக் அக்கா வீட்டு இரண்டு கட்சிகள்

அந்தப் பகுதியில் எல்லோருக்கும் அவள் பிரேக் அக்காதான். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். பயிற்சிக்கென்று அவள் வைத்திருந்த சாம்பல் நிறக் காரில் அவள் உட்காரும் பக்கத்திலும் கால்மாட்டில் தனியாக ஒரு பிரேக் உண்டு. அதன்மேல் காலை வைத்தே வருஷங்களை ஓட்டியவள் என்பதால், சினிமா பார்க்கப் போன இடத்தில் திரையில் லாரி வந்தாலும் அவள் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். பாதி ஊர் அவளிடம் கார் ஓட்டக் கற்றது. அவர்கள் கற்றுக்கொண்டிருந்தபோது தெருவில் நடந்துபோன மீதிப் பாதி, அந்தச் சாம்பல் நிறக் காரைக் கண்டாலே இன்றைக்கும் சுவரோரம் ஒதுங்கும்.

ஸ்டியரிங்கைப் பிடித்ததும் சிலருக்கு வாய் திறந்துகொள்ளும். பயத்தில் என்ன பேசுகிறோம் என்றே தெரியாமல் குடும்ப விஷயமெல்லாம் கொட்டுவார்கள். அவள் "ம்" என்பாள், "கண்ணாடியப் பாருங்க" என்பாள், அதற்கு மேல் பேசமாட்டாள். எந்த வழக்கிலும் அவள் தீர்ப்புச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

இப்படிப்பட்டவளின் காரில்தான் புதுக் காய்ச்சல் பற்றிய பேச்சு வந்து ஏறிக்கொண்டது. முதலில் அது எங்கோ தூர தேசத்துச் செய்தியாக இருந்தது. பிறகு பக்கத்து ஊருக்கு வந்தது. அப்புறம் ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் ஊரே இரண்டாகப் பிளந்து கிடந்தது. கதவைச் சாத்து, கடையைச் சாத்து என்றவர்கள் ஒரு பக்கம். வருஷா வருஷம் வருகிற சளிக்கு வேஷம் கட்டி விட்டிருக்கிறார்கள் என்றவர்கள் மறுபக்கம். ஐயோ கட்சி, ஒண்ணுமில்லைக் கட்சி என்று அவளே மனசுக்குள் பெயர் வைத்துக்கொண்டாள்.

காலையில் முதலில் வரும் பாட்டு டீச்சர் ஐயோ கட்சி. மழைக்கோட்டு, கையுறை, முகக்கவசம், அதற்கு மேலே நீச்சலடிக்கப் போகிறவர்கள் போடும் கண்ணாடி. மூச்சுவிட்டால் கண்ணாடியில் ஆவி படியும். எதிரே பஸ் வருகிறதா மரம் நிற்கிறதா என்று அவருக்குத் தெரியாது. அடுத்து வரும் வீட்டுத் தரகர் ஒண்ணுமில்லைக் கட்சி. கொள்கையை நிலைநாட்டுவதற்காகவே கைக்குட்டை இல்லாமல் தும்முவார். இருவருக்கும் சேர்த்து அவள் நான்கு ஜன்னல்களையும் இறக்கிவிட்டாள். மழை உள்ளே அடித்தபோது இரண்டு கட்சிகளும் ஒன்றுபோலக் குறைப்பட்டுக்கொண்டன.

வெளியே இப்படியென்றால் வீட்டில் அதைவிட மோசம். அவள் கணவர் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்பவர். ப்ளக்கைத் தன் கையால் பிடுங்கிவிட்டு, அது நிஜமாகவே பிடுங்கப்பட்டிருக்கிறதா என்று இரண்டாம் தடவை வந்து பார்க்கிற ரகம். காய்ச்சல் செய்தி வந்த நாளிலிருந்து போனில் வந்த எல்லாவற்றையும் படித்தார். வீட்டுக்குள் வந்த எல்லாவற்றையும் கழுவினார். அவளுடைய தம்பி அடுத்த தெருவில் டயர் கடை வைத்திருப்பவன். டாக்டர் வீட்டுப் படியை மிதித்ததே இல்லை என்பதைத் தான் படித்து வாங்கிய பட்டம் மாதிரி சொல்லிக்கொள்வான். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அவனுக்கு அக்கா வீட்டில்தான். சாப்பாடு இல்லாவிட்டால்கூட வந்திருப்பான். மாமாவோடு மல்லுக்கு நிற்காத ஞாயிறு அவனுக்கு ஞாயிறாகவே தோன்றாது.

"வாழப்பழத்துக்குச் சோப்பு போட்ட ஆள இப்பத்தான் மாமா பாக்கறேன். உரிச்சுத்தானே சாப்பிடப் போறோம்?" என்றான் தம்பி.

"உரிக்கிற கை யாரோட கை? அதச் சொல்லு முதல்ல" என்றார் கணவர்.

சண்டை முற்றி ஒருவரை ஒருவர் மடக்க முடியாமல் போனால், இரண்டு பேரும் அவள் பக்கம் திரும்புவார்கள். நீயே சொல்லு என்பார் கணவர், நீயாவது சொல்லு அக்கா என்பான் தம்பி. சாப்பாடு ஆறுகிறது என்பாள் அவள். அவளுக்கு அபிப்பிராயமே இல்லை என்பதில்லை. எதைச் சொன்னாலும் ஒருவர் முகம் தொங்கிப்போகும், தொங்கின முகத்தோடு சாப்பிட உட்காருவார் என்பதுதான் அவள் கவலை.

இந்தச் சமயத்தில் வட்டாரக் குழு ஒரு பொதுக்கூட்டம் போட்டது. சந்தையையும் பள்ளிக்கூடத்தையும் மூடுவதா வேண்டாமா என்று ஊரே கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டுமாம். கூட்டம் கூடலாமா என்று பேசுவதற்காகவே ஒரு பெரிய கூட்டம். கணவருக்கு இது புரியாமல் இல்லை. போக வேண்டாமே என்று அவள் சொன்னதற்கு, "நான் போகலன்னா உன் தம்பி மட்டும் பேசிட்டு வந்துடுவான்" என்றார். முகக்கவசம் ஒன்றுக்கு இரண்டாக மாட்டிக்கொண்டார். மச்சானும் மாமாவும் ஒரே காரில் ஏற, அவள்தான் ஓட்டிக்கொண்டு போய் இறக்கினாள்.

வெளியே மழை, மண்டபத்தின் ஜன்னல்களை எல்லாம் சாத்தியிருந்தார்கள். நாற்காலி கிடைக்காதவர்கள் சுவரோடு ஒட்டி நின்றார்கள். மைக் வேறு வேலை செய்யவில்லை. தம்பி எழுந்து, பஞ்சர் ஆகுமே என்று பயந்து யாராவது வண்டியை வெளியே எடுக்காமல் இருக்கிறார்களா என்று கேட்டான். கைதட்டல் கூரையைத் தொட்டது. கணவர் எழுந்தார். இரண்டு முகக்கவசத்துக்குப் பின்னால் இருந்து என்னவோ முணுமுணுப்பு வந்தது. கேட்கவில்லை என்று பின்வரிசையில் கத்தினார்கள். மேலே இருந்ததை மோவாய்க்கு இறக்கினார். அப்போதும் கேட்கவில்லை என்றார்கள். இன்னொன்றையும் இறக்கினார். அதன் பிறகு பேசினார் பாருங்கள். மூச்சுக்காற்றில்தான் இந்தக் காய்ச்சல் பரவுகிறது, அடைத்த அறையில் இன்னும் வேகமாகப் பரவுகிறது, உரக்கப் பேசுகிறவர்களிடமிருந்து இன்னும் அதிகமாகப் பரவுகிறது என்று அடைத்த அறையில் உரக்கப் பேசினார். ஐயோ கட்சிக்காரர்கள் ஒரு வார்த்தையும் தவறிவிடக் கூடாதென்று அவரை நெருக்கிக்கொண்டு நின்றார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அவளுடைய வலது கால் தரையை அழுத்து அழுத்தென்று அழுத்திப் பார்த்தது. எதுவும் நிற்கவில்லை.

கைதூக்கச் சொல்லி எண்ணினார்கள். எண்ணிக்கையில் தகராறு வந்தது. முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு எல்லோரும் கலைந்தார்கள்.

அந்த வாரம் முடிவதற்குள் கணவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. முதல் நாள் அவர் முகத்தில் தெரிந்தது பயம் இல்லை. தேர்தலில் ஜெயித்தவரின் களைதான். நான் சொன்னேனா இல்லையா என்று கேட்டுக்கொண்டே, ஏற்கெனவே தயாராக எடுத்து வைத்திருந்த ஃப்ளாஸ்க், துண்டு, மாத்திரைகளோடு படுக்கையறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். டாக்டர் போனிலேயே விசாரித்து, தனியாக இருக்கட்டும், மூச்சுத் திணறினால் மட்டும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள் என்றார். விரலில் மாட்டி ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் கருவி ஒன்றையும் வாங்கி வைக்கச் சொன்னார். அவளுக்குப் பரிசோதனையில் எதுவும் இல்லை. ஆனாலும் பாடங்களை எல்லாம் நிறுத்திவைத்தாள்.

அது தரைத்தள வீடு. படுக்கையறை ஜன்னல் தெருவைப் பார்த்திருக்கும், கார் அந்த ஜன்னலுக்கு அடியில்தான் நிற்கும். அவள் பகலெல்லாம் காரிலேயே உட்கார்ந்துகொண்டாள். சும்மா நின்றால் பேட்டரி இறங்கிவிடும் என்று கேட்டவர்களிடம் சொன்னாள். அங்கே உட்கார்ந்தால் அவர் இருமுவது கேட்கும் என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

தம்பி வந்து காருக்கு அந்தப் பக்கம் நின்றான். "சாதாரணச் சளிதான் மாமா. எழுந்து உக்காருங்க, சரியாப் போயிடும்" என்று ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"சளி உனக்கு மூளையில" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மறுநாளும் அப்படியே; அவன் சொன்னான், இவர் வெட்டினார்.

அதற்கு அடுத்த நாள் அவன் வந்து அதையே சொன்னபோது பதில் வரவில்லை. தூங்குகிறாரோ என்று அவள் இறங்கி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கண் திறந்துதான் இருந்தது. தம்பி இன்னும் கொஞ்சம் சத்தமாக, சளிதான் மாமா என்றான். அவர் கையை லேசாகத் தூக்கி, விடு என்பதுபோல ஆட்டினார்.

காய்ச்சல் எவ்வளவு என்று பார்த்தபோதுகூட அவளுக்கு அப்படித் தூக்கிவாரிப் போடவில்லை. கல்யாணத்தன்று மாலை மாற்றும்போதே எந்த மாலை முதலில் என்று மச்சானோடு வாக்குவாதம் செய்த மனுஷன். அவன் சொன்ன ஒரு சொல்லைக்கூடப் பதில் இல்லாமல் கீழே விட்டதில்லை. அக்காவும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். அவள் போய்க் காரைத் திருப்பி, மூக்கு பெரிய சாலையைப் பார்க்கும்படி நிறுத்தினாள். பெட்ரோல் நிரப்பிக்கொண்டு வந்தாள். டாக்டரை போனில் கூப்பிட்டு விரல் கருவி காட்டிய எண்ணைச் சொன்னாள். எல்லைக்கோட்டில் நிற்கிறது, இதற்குக் கீழே இறங்கினால் யோசிக்காமல் கிளம்புங்கள் என்றார் அவர்.

மறுநாள் தம்பி வந்தபோது முகக்கவசம் கண் வரைக்கும் ஏறியிருந்தது. ரோட்டில் ஒரே தூசி அக்கா, அதனால்தான் என்றான் அவள் கேட்காமலே. ரோடு மழையில் நனைந்து கிடந்தது. அவள் ம் என்றாள்.

அன்றிலிருந்து அவன் கடையில் ஆளை நிறுத்தி வைத்துவிட்டு அடிக்கடி ஓடி வந்தான். ஜன்னலுக்கு நேராக நின்று வாய்க்கு வந்ததைச் சொன்னான். வெயிலில் நின்றால் இந்தக் காய்ச்சல் செத்துப்போகுமாம் மாமா என்றான். டயர் கடைக்காரர்களுக்கு இது வரவே வராதாம், ரப்பர் வாசனைக்கு ஓடிப்போகுமாம் என்றான். இதெல்லாம் முகக்கவசக் கம்பெனிக்காரன் கட்டிவிட்ட கதையாம் என்றான். வேறு எந்த ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும் இதில் ஒன்றுக்கே வீடு இரண்டு பட்டிருக்கும். உள்ளே மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

கடைசியில் சரக்கு தீர்ந்துபோய்க் கார் கதவின் மேல் சாய்ந்துகொண்டான். "நீ ஏதாவது சொல்லேன் அக்கா. அவருக்குப் பொறுக்கவே முடியாத மாதிரி."

இத்தனை நாள் விவாதத்தில் வாயே திறக்காதவள் கொஞ்சம் யோசித்தாள். "காய்ச்சல விடு. ஃப்ரிட்ஜப் பத்திச் சொல்லு" என்றாள்.

தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டான். "மாமா, குளிர்ல கிருமி செத்துடுமாம். ஃப்ரிட்ஜ் கதவத் திறந்து போட்டுட்டு ராத்திரி பூரா அதுக்கு முன்னாடி படுத்துக்கிட்டா போதுமாம். எங்க வீட்ல இன்னைலேருந்து அப்படித்தான் செய்யப் போறேன்."

மின்விசிறி சுற்றியது. பிறகு கட்டில் கிறீச்சிட்டது. கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு குரல், வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது.

"கதவத் திறந்து போட்டா... கம்ப்ரஸர் போயிடும்டா... முட்டாள்."

அவள் அப்படியே ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்தாள். ஹார்ன் அலறியது. எதிர் வீடுகளில் ஜன்னல்கள் திறந்தன. என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்குத் தம்பிதான் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினான். இன்னொரு கையால் தூசி விழுந்த கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்கு எண் இறங்கவில்லை. மெல்ல மெல்ல ஏறியது. பெரிய சாலையைப் பார்த்து நின்ற காருக்கு ஆஸ்பத்திரி போகும் வேலை வரவில்லை. வட்டாரக் குழுவின் அடுத்த கூட்டம் நடக்கவே இல்லை. குழுவில் பாதிப் பேர் படுத்துவிட்டார்கள், சந்தை ஆளில்லாமல் தானாகவே மூடிக்கொண்டது. எல்லா வீட்டிலும் கதை இப்படி நல்லபடியாக முடியவில்லை. அந்தத் தெருவிலேயே இரண்டு வீட்டு வாசலில் செருப்புகள் குறைந்துபோயின. அதைப் பற்றி மட்டும் இரண்டு கட்சிக்காரர்களும் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள்.

பிரேக் அக்கா வீட்டில் யார் ஜெயித்தது என்பது இன்னும் தீராத வழக்கு. எழுந்துவிட்டாரா இல்லையா, நான் சொன்னதுதானே என்பான் தம்பி. ஜாக்கிரதையாக இருந்ததால் பிழைத்தேன் என்பார் கணவர். ஜாக்கிரதையாக இருந்தவருக்கு எப்படி வந்ததாம் என்பான். உன் பேச்சுக்குப் பதில் சொல்லப் போனதால் வந்தது என்பார். முகக்கவசத்தை மட்டும் தம்பி வெகுநாள் கழற்றவில்லை. அந்த ஊரில் அவ்வளவு தூசி.

கணவருக்குப் பழைய பலம் திரும்பவில்லை. மாடி ஏறினால் மூச்சு இரைத்தது. ஃப்ரிட்ஜைத் தனியாக நகர்த்த முடியவில்லை. தம்பி ஒன்றும் பேசாமல் மதியத்தில் கடையைச் சாத்திவிட்டு, அவரோடு கூடப் போய் மறுமுனையைப் பிடிக்க ஆரம்பித்தான். டயர் வாங்க வந்தவர்கள் பூட்டைப் பார்த்துத் திட்டிவிட்டுப் போனார்கள்.

ஒருநாள் நான்காம் மாடியில் குடியிருக்கும் ஒரு பெண்மணி அவளுக்கு போன் செய்தார். மாடிப்படித் திருப்பத்தில் ஃப்ரிட்ஜை நிறுத்தி வைத்துவிட்டு உங்கள் ஆட்கள் இரண்டு பேரும் தடுப்பூசி பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை, தயவுசெய்து வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்.

பாட்டு டீச்சரை வீட்டில் இறக்கிவிட்டு அவள் நேராக அங்கே போனாள். கட்டடத்துக்குக் கீழே காரை நிறுத்தி ஜன்னலை இறக்கினாள். மாடிப்படி ஜன்னல் வழியாக இரண்டு குரல்களும் தெளிவாகக் கேட்டன. ஒன்று இரைத்தது, ஒன்று விட்டுக்கொடுக்கவில்லை. மேலேயிருந்து அந்தப் பெண்மணி எட்டிப் பார்த்து, வந்துவிட்டீர்களா, மேலே வாருங்கள் என்று கையசைத்தார்.

"வர்றேங்க. கொஞ்சம் பேசட்டும்" என்றாள் அவள், இருக்கையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு.